மூக்கில் இருந்த சிவப்பு

786
தலைமன்னார்
18.10.1934

மரியாதைக்குரிய மச்சான் அப்துல் வஹீது ராவுத்தர் அவர்களுக்கு, ஜலீல் சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் உங்கள் தங்கை மெஹருன்னிசாவும் அல்லாஹ்வின் கிருபையில் இருக்கிறோம். அவளுக்கு இழுப்புதான் விட்டபாடில்லை. துறைமுகத்துக் கரிப்புகையும் ஐப்பசிக் காற்றும் சேர்ந்து இந்த ஓலை வீட்டில் அவளைப் படுக்க விடுவதில்லை. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? மகள் ஜெயினம்பு தன் மாமனாரை நன்றாகக் கவனிக்கிறாளா? அவள்தான் உங்களுக்கு இதைப் படித்துக் காட்டுகிறாள் என்பதால் பதிலையும் அவளே எழுதட்டும்.

வயதாகிவிட்டது என்று துறைமுகத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். இலங்கைக்கு வடமேற்குக் கோடியில் இருக்கிற இந்தத் தீவுக்கு ஐப்பசி பிறந்தால் வடதேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். சேற்றில் கால் வைக்க இடமிருக்காது. அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு துரை வருஷா வருஷம் வருகிறார். தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளில் பங்களாவைப் பார்த்துக்கொண்டு, என்னென்ன பறவை வருகிறது என்று கவனித்துச் சொல்ல ஒரு நிரந்தர ஆள் வேண்டுமாம். சம்பளமும் உண்டு, ஓட்டு வீடும் உண்டு. துறைமுகத்தை விட்டுத் தள்ளி இருக்கிறது. புகை வராது.

அவருக்குப் படகு தள்ளுகிறவன் நல்லகாமன். நம் எழுமலைப் பக்கத்து ஆள். வேலை அவனுக்கா எனக்கா என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் அவன் ஒரு பறவையைத் தனியாகப் பார்த்ததாகச் சொன்னான். காக்கை அளவு. தலையும் முதுகும் கறுப்பு, வயிறு வெள்ளை. மூக்கு நீளமாக, பழுத்த மிளகாய் மாதிரிச் சிவப்பு. அதை வைத்துச் சிப்பியைக் குத்தித் திறந்ததாம். துரை இரண்டு நாள் அலைந்தும் அவர் கண்ணில் படவில்லை. அப்படி ஒன்று இங்கே வருவதே அபூர்வம், நிஜமாகப் பார்த்தாயா என்று அவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மதுரையில் என் மச்சான் இருக்கிறார், வாலிபத்தில் கண்மாய்க் கண்மாயாக வலை போட்டவர், ஒரு முறை பார்த்ததை மறக்கமாட்டார் என்று நான் சொன்னேன். கேட்டு எழுது என்றார். கேட்கிறேன்.

உங்கள் துஆவில் எங்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.
ஜலீல்

*

786
மதுரை, காஜிமார் தெரு
26.10.1934

மாப்ள ஜலீலுக்கும் தங்கச்சி மெஹருன்னிசாவுக்கும் வஹீது அண்ணனின் சலாம். என் கால் வீக்கம் காலையில் வடிகிறது, சாயந்திரம் திரும்பி வருகிறது. மற்றபடி சுகம். உன் மகள் வைக்கிற மீன் ஆணத்தில் புளி மட்டும் ஒரு பிடி அதிகம். இதையும் எழுது என்று சொன்னேன், முறைத்துக்கொண்டே எழுதுகிறாள்.

மாப்ள, ஒன்றாக வளர்ந்தவன் நீ, உனக்குத் தெரியும். உன் நிக்காஹ் அன்றைக்கு நீ போட்டிருந்த கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். அப்படியிருக்க, பறவையையா மறப்பேன்? மாடக்குளம் கண்மாய், கீழக்குயில்குடியில் மலையடிக் கண்மாய், வண்டியூர் என்று நான் வலை விரிக்காத தண்ணீர் கிடையாது. கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு பறவை, அதில் சிவப்பு இருக்கிறது என்றால் அது பவளக்கால் உள்ளான். வேறு கிடையாது. அதற்குச் சிவப்பு காலில். மூக்கு கறுப்பு, ஊசி மாதிரி. தண்ணீருக்குள் குனிந்து நிற்கும்போது பார்த்தால் எது கால் எது மூக்கு என்று புதிய கண்ணுக்குத் தெரியாது. காலில் இருந்த சிவப்பை அவன் மூக்கில் ஏற்றிவிட்டான். மூக்கு சிவந்த பறவை ஒன்று சேற்றில் நடந்து நான் பார்த்ததில்லை. நான் பார்க்காதது அங்கே மட்டும் எங்கிருந்து வரும்?

அத்தோடு, ஆள் எழுமலைப் பக்கம் என்கிறாய். அந்தப் பக்கத்து ஆள் சொல்கிறதை நாம் எப்படி எடுத்துக்கொள்வோம் என்பது உனக்குத் தெரியாததா? துரைக்குத்தான் தெரியாது. நீ எடுத்துச் சொல்.

தங்கச்சிக்குத் தூதுவளை காயவைத்து அனுப்புகிறேன். ஓட்டு வீடு அமையட்டும், இழுப்பு தானாகப் போகும்.

அண்ணன் வஹீது
(கையெழுத்து ஜெயினம்பு)

*

786
தலைமன்னார், துரை பங்களா
12.11.1934

மச்சானுக்கு ஜலீலின் சலாம். மேலே எழுதியிருக்கிற விலாசத்தைப் பார்த்தீர்களா? தூதுவளை வந்தது. மெஹருன்னிசா மூன்று ராத்திரியாக மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள். நேற்றுத் தானே எழுந்து ஆப்பம் சுட்டாள்.

உங்கள் கடிதத்தை அப்படியே துரைக்குப் படித்துக் காட்டினேன். பவளக்கால் விஷயத்தில் துரை தலையை ஆட்டினார், சரியாகத்தான் இருக்கும் என்றார். ஆனாலும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். எழுமலை என்று வந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்தப் பக்கத்து ஆம்பளைகள் எல்லாரையும் சர்க்கார் குற்றப் பரம்பரை என்று கைரேகை வாங்கி ரேகைச் சட்டத்தில் வைத்திருக்கிறது, பொழுது அடைந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பெயர் கொடுத்து அங்கேயே படுக்க வேண்டும், வெளியூர் போனால் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சொன்னேன். இல்லாததையா சொன்னேன்?

துரை நல்லகாமனைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்துவிட்டார். அவன் ஒன்றும் பேசவில்லை. துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, படகைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். வேலை இல்லையென்றால் சீட்டும் செல்லாது. ஊருக்குத்தான் போயிருப்பான்.

உங்களால்தான் இந்தக் கூரை. ஐந்து வேளையும் உங்கள் தங்கை உங்களுக்காகக் கேட்கிறாள்.

ஜலீல்

*

786
மதுரை
24.11.1934

மாப்ளைக்கு வஹீதின் சலாம். தங்கச்சி ஆப்பம் சுட்டது கேட்டு வயிறு நிறைந்தது. நோன்பு வருகிறது. இழுப்பு இருக்கிறவள் நோன்பைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

படகைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான் என்று எழுதியிருந்தாய். ஐப்பசி மழை படகில் தேங்கக் கூடாது என்று கவிழ்த்திருக்கிறான். போகிறவனுக்கு அது எதற்கு? அவன் போகும்போது நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லையா? யோசித்து எழுது.

வஹீது

*

786
மதுரை
20.1.1935

அன்புள்ள மாப்ளைக்கும் தங்கச்சிக்கும் வஹீது அண்ணனின் சலாம். இங்கே அனைவரும் சுகம், உங்கள் சுகத்துக்குத் துஆ. பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. புளி குறைத்துத்தான் ஆணம் வைக்கிறாள்.

பெருநாளுக்கு முன்னால் கீழக்கரைப் பக்கத்து வலைக்காரன் ஒருவன் சந்தைக்குக் கூடையில் பறவைகள் கொண்டுவந்திருந்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விலை அதிகம் சொன்னான். வேறு விசேஷம் இல்லை. தங்கச்சியை ஈரத்தில் நடமாட விடாதே. அந்த வீடு அவளுக்கு ஒத்துக்கொண்டதே பெரிய காரியம். அதை விட்டுவிட வேண்டாம்.

மாமு சொன்னது இவ்வளவுதான்.

வஹீது
(கையெழுத்து ஜெயினம்பு)

*

786
தலைமன்னார்
9.2.1935

மச்சானுக்கு ஜலீலின் சலாம். கடிதம் கிடைத்தது. பெருநாளன்று உங்களுக்காக இங்கே துஆ கேட்டோம். துரை மாசியில் சீமைக்குப் போகிறார், ஐப்பசியில்தான் திரும்புவார். பூநாரை இன்னும் கூட்டமாக நிற்கிறது. வானம் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலி. பறவை பார்க்கிற வேலையைச் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைத்திருந்தேன்.

சந்தையில் பறவை விலை ஏறிவிட்டது என்றா எழுதினீர்கள்? மதுரையில் எதுதான் ஏறவில்லை.

நல்லகாமன் போகும்போது என்ன சொன்னான் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வார்த்தைதான். வாசலில் நின்று, "அந்த மதுரைக்காரரு கடலப் பாத்திருக்காராண்ணே?" என்று கேட்டான்.

ஜலீல்

*

786
மதுரை, தபாலாபீஸ் வாசல்
22.2.1935

மாப்ள ஜலீலுக்கு வஹீதின் சலாம். சுகம் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. ஜெயினம்பு நன்றாகத்தான் இருக்கிறாள். இதை எழுதுகிறவர் இங்கே மனு எழுதும் வெங்கட்ரமணய்யர். எடுத்ததும் 'மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு' என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறார்.

போன மாசம் நான் உனக்குச் சொன்ன கடிதம் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. எழுதி முடித்ததும் படி என்றேன். நான் சொன்ன அத்தனையும் படித்தாள். உன் பதிலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, எழுதாததையும் சேர்த்துப் படித்திருக்கிறாள். அவளைத் திட்டி ஒரு வார்த்தை எழுதாதே. தன் தாயின் கூரையைத் தானே பிய்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளை பிய்க்கும்? அந்தப் பேனாவை அவள் கையில் கொடுத்தது நான்.

அன்றைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன். கீழக்கரை வலைக்காரன் கூடையில் உள்ளான்களுக்கு அடியில் ஒன்று கிடந்தது. காக்கை அளவு. தலையும் முதுகும் கறுப்பு, வயிறு வெள்ளை. மூக்கு என் நடுவிரலைப் போல நீளம். பழுத்த மிளகாய் என்று அவன் சொன்னது எவ்வளவு பொருத்தம் தெரியுமா? எனக்கு அந்த வார்த்தை வந்திருக்காது. இது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "கடலோரம் எப்பவாச்சும் வரும் ராவுத்தரே, சிப்பி திங்கும்" என்றான் கூடைக்காரன். சாதாரணமாகச் சொன்னான்.

வாங்கி வந்து அண்டாவில் தண்ணீர் வைத்து விட்டேன். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. மூக்கை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு உடம்பைப் புதைத்தேன். மூக்கைப் பஞ்சில் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது இப்படி இல்லை.

நான் கடலைப் பார்த்ததில்லை மாப்ள. அவன் கேட்டது நியாயம். கண்மாயில் வலை போட்டவன் கடல் பறவைக்குத் தீர்ப்புச் சொன்னேன். ஆனால் அது ஞாபகத்தின் பிழை என்று விடலாம். இன்னொன்றை விட முடியாது. எழுமலைப் பக்கத்து ஆள் என்று சொன்னேனே, அதில் எந்த ஞாபகமும் இல்லை. அவனை நான் பார்த்ததே கிடையாது. அந்த ஊர் ஆள் எவனும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் பேச்சுக்குக் கனம் வேண்டும் என்று அதையும் தூக்கித் தட்டில் வைத்தேன். துரை இரண்டாம் முறை படிக்கச் சொன்னது அதைத்தான்.

இத்துடன் துரைக்கு ஒரு தாளும் இருக்கிறது. நல்லகாமன் சொன்னது நிஜம், நான் சொன்னது பொய் என்று எழுதி என் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன். ஐப்பசியில் அவர் வந்ததும் கொடு. கொடுத்தால் வீடு போகும் என்று தெரியும். தங்கச்சியின் மூச்சும் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்றும் தெரியும். ஆனாலும் கொடு.

எழுமலைக்குப் போய் அவனைப் பார்க்கலாம் என்று இரண்டு முறை பஸ் நிற்கிற இடம் வரை போனேன். வெறும் கையோடு போய் என்ன சொல்வது? திரும்பிவிட்டேன்.

தங்கச்சிக்கு எப்படி இருக்கிறது?

வஹீது

*

786
மதுரை
15.3.1935

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மகள் ஜெயினம்பின் சலாம். இன்று ஹஜ்ஜுப் பெருநாள். எல்லாரும் சுகம்.

மாமு வேறு ஆளை வைத்து எழுதியது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதாமல் விட்டது உங்கள் வேலைக்காக இல்லை, அம்மாவின் மூச்சுக்காக. செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். மாமு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறார், புளி அதிகம் என்றுகூடச் சொல்வதில்லை. உங்கள் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கத் தினம் தபாலாபீஸுக்கு நடக்கிறார். அந்த வீங்கின காலோடு நடக்கிறார் அத்தா.

நீங்கள் மாமுவுக்குப் பதில் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஜெயினம்பு

*

786
தலைமன்னார்
27.10.1935

மச்சானுக்கு ஜலீலின் சலாம்.

எட்டு மாசமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது, அதனால் எழுதவில்லை. எதற்கு இவருக்கு இந்த வேலை, அந்தப் பறவையைப் பார்க்காத மாதிரி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். மூக்கைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாம் என்றும் ஒருநாள் கரைக்குப் போனேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் தங்கைதான் விடவில்லை. உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டிய அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். பனி, காற்று, எதைச் சொல்லியும் கேட்கவில்லை. "அடுத்தவன் படுக்க வேண்டிய எடத்துல படுத்துக்கிட்டு எனக்கு மூச்சு எங்கிட்டுருந்துங்க வரும்?" என்றாள். இத்தனை மாசமும் அங்கேதான் படுத்தாள். இழுப்பும் திரும்பிவிட்டது.

துரை போன வாரம் வந்தார். தாளையும் மூக்கையும் கொடுத்தேன். தன் புத்தகத்தில் ஒரு படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்த ஆள் பெயரென்ன என்று கேட்டார். ஒரு வருஷம் படகில் வைத்திருந்தவனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவனை வரச் சொல், காவல் வேலை அவனுக்கு என்றார். போலீஸுக்குக் காட்ட ஒரு கடுதாசியும் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வீட்டைக் காலி செய்துவிட்டோம். மழை கனப்பதற்குள் மெஹருன்னிசாவைப் போட் மெயிலில் ஏற்றி உங்களிடம் அனுப்புகிறேன். நல்லகாமன் வரும்வரை படகைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே இருப்பேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மூக்கோடு கரைக்குப் போன நாளிலிருந்து கடலைப் பார்க்க இருந்த பயம் இப்போது இல்லை.

ஜலீல்

*

786
மதுரை
19.11.1935

மாப்ளைக்கு வஹீதின் சலாம். தங்கச்சி வந்து சேர்ந்தாள். இளைத்துப்போய் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை, காலைத்தான் பார்த்தாள், "இம்புட்டு வீங்கிருக்கு" என்றாள். தெருப் பக்கத்து அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். காற்று வரும், புகை வராது.

கடுதாசியை எடுத்துக்கொண்டு எழுமலைக்குப் போய்வந்தேன். ஜெயினம்புவைத்தான் கூட்டிப்போனேன். யாராவது படித்துக் காட்ட வேண்டுமே. உசிலம்பட்டி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மாட்டு வண்டி. நல்லகாமன் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைவிட உயரம், உன்னைவிட இளையவன். இன்னார் என்று சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கட்டை இறக்காமலே நின்றான். பிள்ளை உன் கடிதத்தைப் படித்தாள், ஒன்று விடாமல். போன வருஷக் கடிதத்தில் நான் எழுமலை என்று சொன்ன இடத்தையும் சொல் என்றேன். சொன்னாள். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

மாப்பு என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. அதைக் கேட்டால் கொடுக்கிற பாரமும் அவன் தலையில் ஏறும்.

கட்டை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு, "மூக்கு எம்புட்டு நீளம் இருந்துச்சு ராவுத்தரே?" என்றான். நடுவிரலைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நான் பாத்தது இன்னுங் கொஞ்சம் நீளம்" என்றான். அவ்வளவுதான். கட்டை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

ஸ்டேஷனுக்குச் சேர்ந்து போனோம். கடுதாசி மட்டும் போதாதாம். இவனுக்கு வெளியாள் ஒருத்தர் ஜாமீன் நிற்க வேண்டும், அதன் பிறகு பெரிய அதிகாரி கையெழுத்து வர வேண்டுமாம். நான் நிற்கிறேன் என்றேன். என் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி வைத்தார்கள். வெளியே வந்து சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். நல்லகாமன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வெரலுதானா? எங்களுக்குப் பத்தும் வச்சாக" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை மாப்ள. பறவையைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னான். அப்போது பொழுது இறங்கிவிட்டது. எங்களை வண்டியேற்ற வருவான் என்று ஜெயினம்பு நினைத்தாள். அவன் வரவில்லை. பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாங்கள் இறங்கி வந்த ஸ்டேஷன் படியிலேயே திரும்ப ஏறி உள்ளே போனான்.

கையெழுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தையில் வரலாம், மாசியில் வரலாம் என்கிறார்கள். பங்குனியில் பறவைகள் போய்விடும் என்று நீ எழுதாமலே எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவரை படகில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும். சேற்றில் அந்தச் சிவப்பு மூக்கு வந்து நின்றால் எனக்கு எழுதாதே. அவனுக்கு எழுது. பிள்ளையைக் கூட்டிப்போய்ப் படித்துக் காட்டச் சொல்கிறேன்.

இதை எழுதுவது ஜெயினம்புதான். எழுதி முடித்துவிட்டு, படிக்கவா மாமு என்று கேட்டாள். வேண்டாம், ஒட்டு என்றேன்.

வஹீது
(இடது பெருவிரல் ரேகை)